ஐந்தாம் வேற்றுமை இல்லாத வீடு

உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் அர்ச்சுனன் இந்த வாக்குமூலத்தில் ஒரு இடத்தில் சேர்த்து எழுதிவிட்டார், மேடம். அங்கே பிரித்து எழுத வேண்டும். பெரிய தப்பு ஒன்றும் இல்லை. கொஞ்சம் இடம் விடாத தப்பு, அவ்வளவுதான். அர்ச்சுனன் ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். அப்போதே வேற்றுமையில் தகராறு. சேரக் கூடாததைச் சேர்ப்பார், சேர வேண்டியதைப் பிரிப்பார். கல்யாண விஷயத்திலும் அப்படித்தான் நடந்துகொண்டார் என்று கேள்வி. அது இந்த வழக்கில் வராது.

மற்றபடி பக்கத்து வீட்டு ராசம்மாள் சொன்னது, என் மகள் மெர்லின் புகாரில் கொடுத்தது எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அந்த ஒரு இடத்தைத் திருத்திவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அது கடைசிப் பக்கத்தில் வருகிறது. அதற்கு முன்னால் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு டீயில் சர்க்கரை வேண்டாம்.

நான் பாஸ்கல். மரக்காணத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ் வாத்தியார். என் மனைவி அன்னமேரி அதே பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகளுக்கு அவளும் டீச்சர்தான். எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், பச்சமுத்துவின் டீக்கடை. ரிட்டயர் ஆனபிறகு நான் அந்தக் கடை பெஞ்சில்தான் குடித்தனம். உப்பளத்து வேலை முடிந்து வருகிறவர்கள் டீ குடிப்பார்கள், நான் கதை சொல்வேன். ஊரில் அதைப் புளுகு என்பார்கள்.

ஒன்றைச் சொல்கிறேன், பின்னால் தேவைப்படும். புயல் அடித்த வருஷம் நம் உப்பளத்து மூட்டை ஒன்று காற்றில் கிளம்பி, பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி, பறந்துகொண்டே போய் திண்டிவனத்தில் ஒரு கல்யாண வீட்டுச் சாம்பார் அண்டாவில் விழுந்தது. சமையல்காரர் அன்றைக்கு உப்புப் போட மறந்திருந்தார். அதனால் ஒருத்தரும் கவனிக்கவில்லை. சாக்கு மட்டும் மாப்பிள்ளை இலையில் வந்தது. அப்பளம் நமுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

இதை நான் முகத்தை அசைக்காமல் சொல்வேன். சாம்பார் அண்டா என்று வந்ததுமே ஜன்னலில் அன்னமேரியின் குரல் கேட்கும்.

"போன வாரம் ரசம்னு சொன்னீங்க, வாத்தியாரே."

கடை முழுக்கச் சிரிக்கும். என் கதைக்கு அல்ல, அவள் சொன்னதற்கு. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. மறுத்துச் சொல்ல ஆள் இருக்கும்வரைதான் அது கதை. மறுத்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அது வெறும் பொய். கல்யாணம் ஆன நாள் முதல் என்னைப் பொய்யனாகாமல் காப்பாற்றி வைத்திருந்தவள் அவள்தான். அவள் எனக்கு எவ்வளவு தேவைப்பட்டாள் என்பது புரிய வேண்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

போன வருஷம் தவக்காலத்தில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து நின்றாள்.

"ஏங்க, நான் மெர்லின்கிட்ட போயிடறேன். புதுச்சேரியில அவ வூட்லயே இருந்துக்கறேன்."

"எத்தினி நாளைக்கு?"

"நாளெல்லாம் இல்ல. போயிடறேன்."

நான் ஏதோ ஜோக் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"இத்தினி வருசமா நீங்க சொல்றத திருத்திக்கினே இருக்கேன். நானா ஒரு வாக்கியம் ஆரம்பிச்சதே இல்ல. ஒங்ககிட்டேர்ந்து போனாத்தான் அது முடியும்."

கோபமாகச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். பச்சைப் பெட்டியில் புடவைகளை அடுக்கி, மேலே ஜெபமாலையை வைத்து மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மெர்லின் காரோடு வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை காலையில் பல் விளக்கும்போது அன்னமேரி விழுந்தாள். பக்கவாதம்.

அதை நான் செய்யவில்லை. அர்ச்சுனனை அதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போனது. எதைக் கேட்டாலும் 'நூ' என்ற ஒரே சத்தம்தான். நாம் பேசுவதெல்லாம் அவளுக்குப் புரிந்தது, அவளால் சொல்லத்தான் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண் வந்து பார்த்தது. சின்ன வயசு, நல்ல பொறுமை.

"தாத்தா, வார்த்தையெல்லாம் உள்ளதான் இருக்குது. வழிதான் அடைச்சிருக்குது. நீங்க முதல் எழுத்த எடுத்துக் குடுங்க, அவங்க முடிக்கிற வரைக்கும் வெயிட் பண்ணுங்க. தமிழ்லயே பேசுங்க. தீபாவளிக்குள்ள சின்னச் சின்ன வாக்கியம் வந்துடும்."

வாக்கியம் என்று அந்தப் பெண் சொன்னதுமே, அன்னமேரி சொல்லப்போகிற முதல் வாக்கியம் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் பயிற்சிக்குக் கூட்டிப்போகவில்லை. நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்று மெர்லினிடம் சொன்னேன். தமிழ் வாத்தியார்தானே, நம்பினாள். அம்மா எழுந்து உட்காருகிற வரைக்கும் பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும் என்றாள்.

என் யோசனை இதுதான், மேடம். உப்பளத்தில் வாய்க்கால் தூர்ந்துபோனால் அதையே குடைந்துகொண்டு இருக்க மாட்டார்கள். பக்கத்தில் புதிதாக ஒன்று வெட்டிவிடுவார்கள். நானும் அப்படித்தான் வெட்டினேன். புது வாய்க்கால் வெட்டுகிறவன்தான் தண்ணீர் எந்தப் பாத்திக்குப் பாய வேண்டும் என்பதையும் முடிவு செய்கிறான். அது உப்பளத்துக்குப் போன யாருக்கும் தெரியும்.

அவளிடம் மிச்சம் இருந்த 'நூ'வையே முதல் சொல்லாக வைத்தேன். நூ என்றால் தண்ணீர். லே என்றால் சோறு. வூ என்றால் வீடு. பா என்றால் நான், பாஸ்கல். நே என்றால் அவள். பெயர்ச்சொல் வைப்பது சுலபம், நாய்க்குட்டிக்குக்கூட வைக்கிறோம். மொழி நிற்பது வேற்றுமையில்தான். யாரை, யாரால், யாருக்கு, யாரோடு. குடும்பமும் அதில்தான் நிற்கிறது.

ஐ, ஆல், கு, இன், அது, கண். அர்ச்சுனனுக்கு இது இப்போதும் மனப்பாடமாக இருக்கும், அர்த்தம்தான் தெரியாது. நான் ஒவ்வொன்றாக எடுத்தேன். 'ஐ'க்கு 'மி' வைத்தேன், உதடு தானாக மூடித் திறக்கும். நூமி, தண்ணீரை. 'கு'வுக்கு 'கா'. நேகா, அவளுக்கு. 'கண்'ணுக்கு 'வே'. வூவே, வீட்டில். 'அது'வுக்கு 'ரு'. பாரு, பாஸ்கலுடைய. இதில் ஒரு வசதி இருந்தது. அவள் தமிழில் 'பாரு' என்று எதையாவது காட்டினாலும் எனக்கு அது ஆறாம் வேற்றுமையாகத்தான் கேட்டது. மூன்றாவதில் ஆல், ஓடு என்று இரண்டு உண்டு. 'ஆல்' உருபை விட்டுவிட்டேன். அது இருந்தால் யாரால் என்ற கேள்வி வரும். ஓடு போதும், அதற்கு 'தோ'. பாதோ, பாஸ்கலோடு. நான் முதலில் கற்றுக்கொடுத்த வாக்கியம் 'பாதோ வூவே'. பாஸ்கலோடு வீட்டில். வினைச்சொல்லே வேண்டியதில்லை. இப்போதும் எனக்கு அது அழகான வாக்கியமாகத்தான் படுகிறது.

ஐந்தாவதை வைக்கவில்லை. நோயாளிக்குச் சுமை குறைவாக இருக்க வேண்டும் அல்லவா. ஐந்தாம் வேற்றுமை நீங்கல் பொருளுக்கு வருவது. ஒன்றை விட்டு ஒன்று பிரிவதைச் சொல்வதற்கு. கட்டிலை விட்டு இறங்க முடியாதவளுக்கு அது எதற்கு? பழகிவிட்டால் அது இல்லாமலே காலம் தள்ளலாம். இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேனே, என் சொந்தப் பேச்சில் ஒரு தடவையாவது அதைப் பயன்படுத்தினேனா என்று அர்ச்சுனனைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எட்டாவது விளி. ஒருத்தரைக் கூப்பிடுவதற்கு. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர், நான் பக்கத்திலேயே இருக்கிறேன். யாரைக் கூப்பிட வேண்டும்? அதையும் விட்டுவிட்டேன். மகளுக்கு ஒரு பெயர்ச்சொல் வைக்காமல் போனதை மறதி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் லேசில் படியவில்லை. தமிழ்தான் முட்டிக்கொண்டு வந்தது. 'த... த...' என்பாள். தண்ணீர் கேட்கிறாள் என்று எனக்குப் புரியும். ஆனால் பரீட்சையில் பையன் என்ன சொல்ல வருகிறான் என்று புரிந்துவிட்டால் மார்க் போட்டுவிடுவோமா? சரியான விடை வரும்வரை காத்திருக்க வேண்டும். சொம்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். சித்திரை மாசம் ஒரு நாள் 'தண்ணி' என்று முழுசாகவே சொல்லிவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுபடி சொன்னாள். நான் திரும்பவில்லை. வெளியே டீக்கடைக்கு அப்பால் உப்பளம் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு கிடந்தது. வெயில் சாயும்போதுதான் 'நூமி' என்றாள். உடனே கொடுத்தேன், சிந்தாமல், தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு. குடிக்கும்போது அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. என் கண்ணிலும்தான் வந்தது. ஒரு மொழி பிறக்கிற நேரத்தில் அப்படி இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்கு விஷயம் பரவியது. பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார், அன்பு என்றால் பாஸ்கல் வாத்தியாரைப் பாருங்கள் என்று. யூடியூப் சேனல்காரர்கள் இரண்டு பேர் வந்து, மனைவிக்காக மொழி படைத்த ஆசிரியர் என்று படம் எடுத்துப் போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு ஆரோவில்லில் வசிக்கிற ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். மொழியியல் படித்தவர். அர்ச்சுனனுக்குத் தெரிந்த தமிழைக் காட்டிலும் அவர் தமிழ் நன்றாக இருந்தது. எல்லா உருபையும் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஐந்தாம் வேற்றுமையைக் காணோமே, ஐயா?" என்றார். அத்தனை பேரில் அவர் ஒருத்தர்தான் கேட்டார்.

"இந்த வூட்ட விட்டு யாரும் எங்கயும் போறதில்லையேம்மா" என்றேன்.

ரொம்ப நேரம் சிரித்தார். கிளம்பும்போது அன்னமேரியின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் கொடுத்துவைத்தவர்" என்றார். அன்னமேரி அவர் கையை விடவில்லை. நான்தான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தேன்.

மெர்லின் ஞாயிறுதோறும் பூசை முடிந்து வருவாள். வைகாசியில் ஒரு ஞாயிறு, அவள் வாசல்படி ஏறும்போதே அன்னமேரி, "மெர்... மெர்..." என்றாள்.

மெர்லினுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "டாடி, எம்பேர சொல்றாங்க."

நான் கொஞ்சம் யோசித்தேன். "இல்லம்மா. மெர்னா எங்க பாஷையில கொசு. கழுவெளி ஏரிப் பக்கம் காத்து திரும்பிட்டா இங்க கொசு பிச்சுப்புடுது."

"கொசுவா?"

"கையில பாரு, எப்படி கடிச்சிருக்குதுன்னு."

கடித்துத்தான் இருந்தது. புளுகில் எப்போதும் ஒரு உண்மையைக் கலக்க வேண்டும், சோற்றில் உப்பு போல. மெர்லின் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள், கொசுவத்திச் சுருளைக் கொளுத்தி அம்மாவின் தலைமாட்டில் வைத்தாள். அடுத்த வாரம் கொசுவலை வாங்கிவந்தாள். அதற்கடுத்த வாரம் கொசு அடிக்கிற பேட். "மெர், மெர்" என்று அம்மா கூப்பிடக் கூப்பிட மகள் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து கொசு அடித்தாள். அன்னமேரி அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். சில வாரம் கழித்து, மெர்லின் வந்தால் வாயைத் திறக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

ராசம்மாளுக்கும் சொல்லிவைத்தேன். உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவள், ஓய்ந்த நேரத்தில் வந்து டீச்சர் பக்கத்தில் உட்காருவாள். "மெர்னா கொசு, மறந்துடாத" என்றேன். "நமக்கும் ரெண்டு வார்த்த இங்கிலீசு கத்துக்கினாப்பல இருக்குது, வாத்தியாரே" என்று சிரித்தாள்.

மாதா பிறந்தநாளுக்கு வந்த மெர்லின் கட்டிலுக்கு அடியில் குனிந்து அந்தப் பச்சைப் பெட்டியை வெளியே இழுத்தாள்.

"டாடி, அம்மாவ நான் கூட்டிக்கினு போறேன். எல்லாம் ரெடியாத்தான் வச்சிருந்தாங்க, இல்ல?"

"அவகிட்டயே கேக்கலாமே" என்றேன். அன்னமேரியிடம் திரும்பி எங்கள் மொழியில் கேட்டேன். "நே? வூ?"

அவள் பெட்டியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். எதுவும் வரவில்லை. அன்னமேரியின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. கடைசியில் நாக்கு, நான் வெட்டிவைத்த வாய்க்காலில்தான் ஓடியது.

"பாதோ வூவே."

சொல்லி முடித்ததும் இடது கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டாள்.

"என்ன சொல்றாங்க டாடி? ஏன் அடிச்சுக்கறாங்க?"

"என்னோட இங்கியே இருக்கறாளாம். ஒன்ன அனுப்பறமேன்னு மனசு தாங்காம அடிச்சுக்கறா."

மெர்லின் அந்தக் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே போனாள். பெட்டியை நான் பழைய இடத்தில் தள்ளிவைத்தேன்.

அந்த வாக்கியத்தை அவள் அப்புறம் சொல்லவே இல்லை. தண்ணீரும் கேட்கவில்லை, நானாகக் கொடுத்தால் குடிப்பாள். வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. நான் டீக்கடையில் கதை சொன்னால் சாம்பார் சாம்பாராகவே இருந்தது. யாரும் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. மரியாதைக்குச் சிரித்தார்கள்.

ஐப்பசி மழையில் பாத்தியெல்லாம் முழுகி உப்பளத்தை மூடிவிட்டார்கள். ராசம்மாளுக்கு வேலை இல்லை. அன்றைக்கு மத்தியானம் அவளை டீச்சர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நான் தெருவைத் தாண்டி பெஞ்சுக்குப் போனேன். மழை விட்டிருந்தது. கடையில் நல்ல கூட்டம். மூட்டைக் கதையைத்தான் எடுத்தேன். மூட்டை கால்வாயைத் தாண்டிவிட்டது, திண்டிவனம் இன்னும் வரவில்லை, அப்போது ராசம்மாள் தெருவில் ஓடிவந்தாள்.

"வாத்தியாரே, டீச்சரு கொசு கொசுன்னு ஓயாம சொல்றாங்க. மெர், மெர்னு. சுருள் ஏத்தி வச்சேன், ஜன்னல சாத்திட்டேன், அப்பவும் சொல்றாங்க. வாயி ஒரு பக்கமா இழுத்துக்கினு போவுது."

பக்கவாதம் மறுபடி வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. யாரைக் கூப்பிடுகிறாள் என்றும் தெரிந்தது. பச்சமுத்துவின் போன் கல்லாவின் மேல்தான் இருந்தது. ஆம்புலன்சைக் கூப்பிடலாம், மெர்லினைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் மெர்லின் வருவாள், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாள். பிழைத்தால் நேரே புதுச்சேரிக்குத்தான்.

"வர்றேன், நீ போ" என்றேன்.

பச்சமுத்து, "வாத்தியாரே, போய்ப் பாருங்க, கதை எங்கயும் ஓடிடாது" என்றார். "மூட்டை அந்தரத்துல நிக்குதுப்பா, எறக்கிட்டு வர்றேன்" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

முழுசாகச் சொன்னேன். வழக்கத்தைக் காட்டிலும் நிதானமாகச் சொன்னேன். சாம்பார் அண்டா வந்ததும் நிறுத்தினேன். ஜன்னலைப் பார்த்தேன். கொசுவுக்காகச் சாத்திய ஜன்னல் சாத்தியபடியே இருந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு அப்பளத்தையும் சொல்லி முடித்து, டீயைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். அந்தக் கொஞ்சத்தில்தான் நான் மூட்டையைத் தரையிறக்கினேன். ராசம்மாள் இரண்டாவது தடவை ஓடிவந்ததை அவள் வாக்குமூலத்தில் சொல்லவில்லை. என்மேல் மரியாதை. வந்தாள் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் புகார் வந்தது கல்லறைத் தோட்டத்து விஷயத்தால்தான். அடக்கம் முடிந்து ராசம்மாள் மெர்லினைக் கட்டிக்கொண்டு அழுதாள். "கடைசி நேரத்துலகூட கொசுவத்தான்மா சொன்னாங்க. மெர், மெர்னு." மெர்லின் அழுகையை நிறுத்திவிட்டாள். தன் பெயரை யாரோ வெகு தூரத்தில் கூப்பிட்ட மாதிரித் திரும்பினாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் எந்தக் கதையும் சொல்லவில்லை.

ஆகவே நான்தான், மேடம். அன்னமேரி செத்தது பாஸ்கலால். நான் விட்டுவிட்ட அந்த 'ஆல்' உருபைப் போட்டே எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர், கொசு, மூட்டை, எதையும் மறுக்கவில்லை.

இப்போது அந்தக் கடைசிப் பக்கம். நான் உள்ளே போனபோது அறை முழுக்கச் சுருள் புகை. ராசம்மாள் தலைமாட்டில் நின்றாள். அன்னமேரி என்னைப் பார்த்தாள். "ஒங்ககிட்ட" என்றாள். தெளிவான தமிழ். மூச்சு வாங்கினாள். பிறகு "இருந்து" என்றாள். அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஆம்புலன்சில் கண்ணைத் திறக்கவில்லை.

அர்ச்சுனன் இதை 'உங்களிடமிருந்து' என்று சேர்த்து எழுதியிருக்கிறார். சேர்த்தால் அது ஐந்தாம் வேற்றுமை ஆகிவிடும். அவள் பிரித்துத்தான் சொன்னாள். உங்களிடம், இருந்து. அந்த இருந்து வினையெச்சம். உங்களிடம் இருந்து, உங்களோடு வாழ்ந்து என்று அர்த்தம். முடிக்க வேண்டிய வினைச்சொல் வரவில்லை, அவ்வளவுதான். என்ன வந்திருக்கும் என்பது இத்தனை வருஷம் கூட இருந்தவனுக்குத் தெரியாதா? தானாக ஆரம்பித்ததே இல்லை என்றாளே, அந்த வாக்கியம் அது. என்னை வைத்துத்தான் ஆரம்பித்தாள்.

நடுவில் ஒரு இடம் விடச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவள் அப்படித்தான் சொன்னாள், மேடம். மறுத்துச் சொல்ல இப்போது ஆள் யாரும் இல்லை.